ஹூஷங் வீட்டில் டீ பேக்

மாலை ஐந்து மணி. மேசை மேல் பெட்டி இருந்தது. பெட்டிக்குள் மோதிரம் இல்லை.

"இதுலதானே இருந்துச்சு?" என்றாள் ஃபராங்கிஸ், மாப்பிள்ளையின் அம்மா. சின்ன வெல்வெட் பெட்டியைக் கவிழ்த்தாள், தட்டினாள், காதருகே வைத்து ஆட்டிக்கூடப் பார்த்தாள். காலிப் பெட்டி என்ன கிலுகிலுப்பையா, சத்தம் போட? சர்க்கரைப் பாதாம் தட்டைத் தூக்கிப் பார்த்தார்கள். கம்பளத்தை மடித்துப் பார்த்தார்கள். எங்கும் இல்லை.

அவளுக்கு எதிரே வெறும் தட்டோடு நின்றிருந்தாள் மாஹ்ரூ. அவளைப் பெண் பார்க்கத்தான் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். அப்போதுதான் எல்லோருக்கும் தேநீர் கொடுத்து முடித்திருந்தாள்.

நிஷாப்பூர் சுரங்கத்து நீலக்கல் பதித்த மோதிரம் அது. ஃபராங்கிஸ் குடும்பத்துக்கு வருகிற மருமகள் விரலில் ஏற வேண்டியது. ஏறியிருந்தால் அன்றைக்கே நிச்சயம் முடிந்திருக்கும்.

"நாம எல்லாரும் வெளிய வராந்தாவுல நின்னோம்" என்றாள் ஃபராங்கிஸ் மெதுவாக. "வீட்டுக்குள்ள இருந்தது யாரு?"

எல்லோருடைய கண்ணும் மாஹ்ரூ மேல் போய் விழுந்தது. மாப்பிள்ளை கியாரஷின் கண் மட்டும் தரையைப் பார்த்தது. அவள் அதையும் பார்த்துவிட்டாள், பாவம்.

நடந்ததைக் கொஞ்சம் முன்னாலிருந்து சொல்கிறேன்.

எங்கள் மலையூர் லாஹிஜானில் சித்திரை கடைசியில் ஒரு பனி இறங்கும். மலைச்சரிவு, தேயிலைச் செடி, தெருவிளக்கு எல்லாவற்றையும் ஒரு வெள்ளைப் போர்வைக்குள் போட்டுத் தூங்க வைத்துவிடும். நடந்து போகிறவன் கனவில் நடக்கிற மாதிரிதான் நடப்பான். அப்படியொரு பனிக்குள்தான், நாலு மணி சுமாருக்கு, பக்கத்து நகரம் ரஷ்த்திலிருந்து வந்த கார் ஹூஷங் வீட்டு வாசலில் நின்றது. ஃபராங்கிஸ் இறங்கினாள், கியாரஷ் இறங்கினான். கடைசியாக, கண்ணைத் தேய்த்துக்கொண்டு, அவனுடைய தாய்மாமன் நோஸர் இறங்கினார்.

நோஸர் ரஷ்த் போலீஸில் துப்பறியும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். எந்நேரமும் அரைத்தூக்கத்தில் இருக்கிற மாதிரி முகம். அந்த முகத்தை நம்பி உளறி உள்ளே போனவர்கள் நிறையப் பேர்.

ஹூஷங் தேயிலைக்காரர். பின்பக்கச் சரிவு முழுக்க அவருடைய செடிகள். மனைவி போய்ச் சேர்ந்த பிறகு அவருக்கு இருந்தது இரண்டே பிடிமானம்: மகள் மாஹ்ரூ, தேயிலை. மூடிய டப்பாவை முகர்ந்தே எந்தச் சரிவுக் கொழுந்து என்று சொல்லிவிடுவார். அவர் வீட்டில் டீ பேக் நுழைந்ததே இல்லை. நுழைய விட்டால்தானே!

எங்கள் ஊர்க்காரர்களுக்கு மரியாதை என்று ஒரு வியாதி உண்டு. விருந்தாளி எதைப் புகழ்ந்தாலும் "உங்களுக்குத்தான், எடுத்துக்கோங்க" என்று வாய் முந்திவிடும். ஃபராங்கிஸ் உட்கார்ந்ததும், "பொண்ணு முத்துங்க" என்றாள். ஹூஷங் நெஞ்சில் கை வைத்து, "உங்க வீட்டு வாசல் மண்ணு சம்பந்தி அவ. எப்ப வேணா கூட்டிட்டுப் போங்க" என்றார். வாக்கு போய்விட்டது. அதற்கப்புறம்தான் மாப்பிள்ளையின் வேலையைப் பற்றிப் பேச்சு வந்தது.

"தேயிலைக் கம்பெனியில தரம் பார்க்கிறேங்க" என்றான் கியாரஷ். "இலையையும் டீ பேக்கையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு ருசி பார்த்துச் சொல்லணும்."

"டீ பேக்கா?" ஹூஷங் நிமிர்ந்தார். "அது டீயா தம்பி? நல்ல இலையை ஒருத்தன் கொண்டுபோயிடுவான். உடைஞ்சதை இன்னொருத்தன் அள்ளுவான். கடைசியில மிஞ்சின தூசைக் காகிதத்துல சுத்தி நூல் கட்டறது. மையத்துக்குக் கஃபன் துணி சுத்தற மாதிரி!"

"எல்லாத்தையும் ஒரே தராசுல போடக்கூடாதுங்க. தூள் சட்டுனு நிறம் விடும், இலை மெதுவா மணம் விடும். அவசரக்காரனுக்கு அது, ஆற அமரக் குடிக்கிறவனுக்கு இது. பேக்குலயும் நல்லது இருக்கு, இலையிலயும் குப்பை இருக்கு."

"என் வீட்டுல உக்காந்து இதைச் சொல்ல ஒரு தைரியம் வேணும்" என்று சிரித்தார் ஹூஷங். பையன் பேசினது பிடித்துத்தான் இருந்தது. "கம்பெனி ரஷ்த்துலதானே?"

"ரஷ்த்துலதான் இருந்தேன். இப்ப பந்தர் அப்பாஸுக்கு மாத்திட்டாங்க. கல்யாணம் ஆனதும் அங்கதான் குடித்தனம்."

பந்தர் அப்பாஸ்! தேசத்தின் அந்தக் கோடி. கடல் கொதிக்கிற ஊர். ஹூஷங் சிரிப்பு முகத்தில் அப்படியே நின்றது. பிறகு அவர் எழுந்து, "பனி விலகுது, வாங்க வாங்க, மலையைக் காட்டறேன்" என்று எல்லோரையும் வராந்தாவுக்கு அழைத்தார். ஃபராங்கிஸ் கொண்டுவந்த மோதிரப் பெட்டி மேசையிலேயே இருந்தது. மாஹ்ரூ சமையல்கட்டில், வெந்நீர் கொதிக்கிற சமோவார் பக்கத்தில் இருந்தாள்.

பனி விலகவில்லை, கூடியது. வராந்தாவில் நின்றவர்களுக்குப் பக்கத்து ஆள் முகம் தெரியவில்லை. நோஸர் ஒரு பிரம்பு நாற்காலியைத் தடவிக் கண்டுபிடித்து உட்கார்ந்தார், கண்ணை மூடினார். சமையல்கட்டு ஜன்னல் அவர் தலைக்கு மேலே இருந்தது. வெள்ளைக்குள் எங்கிருந்தோ ஹூஷங் குரல் சரிவுகளின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தது, தாலாட்டு மாதிரி. நோஸர் எங்கோ மிதந்துபோனார். கனவில் ஒரு பறவை "கீச்" என்றது. அப்புறம் தாலாட்டு நின்றுபோனது. யாரோ "டப்" என்று ஒரு மூடியைத் திறந்தார்கள். தாலாட்டு மறுபடி ஆரம்பித்தது. கடைசியில் அதே பறவை இன்னொரு முறை "கீச்" என்றது.

"டீ வந்தாச்சு!" என்று உள்ளேயிருந்து மாஹ்ரூ கூப்பிட்டாள். நோஸர் விழித்துக்கொண்டார்.

இடை சிறுத்த கண்ணாடிக் கிளாஸ்களில் தேநீர், செக்கச்செவேல் என்று. எல்லோரும் சர்க்கரைக் கட்டியை வாயில் ஒதுக்கிக்கொண்டு உறிஞ்சினார்கள். ஃபராங்கிஸ் முகம் மலர்ந்தது. "அப்படியே எங்க வீட்டு டீ மாதிரியே இருக்கும்மா!" கியாரஷ் ஒரு வாய் குடித்தான், மாஹ்ரூவைப் பார்த்தான், மீதியையும் குடித்தான். ஹூஷங் கடகடவென்று குடித்துவிட்டு, "என் பொண்ணு கை கைதான்" என்றார். நோஸர் பாதி குடித்துவிட்டு, கிளாஸின் அடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

அதற்குப் பிறகுதான் ஃபராங்கிஸ் பெட்டியை எடுத்தாள்.

இப்போது ஐந்தே கால்.

"அண்ணே, போலீஸ்ல இருந்தவர்தானே, நீங்களே கேளுங்க" என்றாள் ஃபராங்கிஸ். "நான் கேட்டா பொல்லாதவளாயிடுவேன். மோதிரம் கிடைக்கலைன்னா இந்தப் பேச்சை இத்தோட விட்டுடலாம். கை நீளம் இருக்கிற வீட்டுல எனக்குச் சம்பந்தம் வேணாம்."

"அம்மா!" என்றான் கியாரஷ்.

"நீ சும்மா இருடா. மோதிரம் காலு முளைச்சா போச்சு?"

நோஸர் கண்ணை அரைவாசி திறந்தார். "உக்காரும்மா மாஹ்ரூ. பயப்படாத. நாங்க வெளிய இருந்தப்ப நீ எங்க இருந்த?"

"சமையல்கட்டுல."

"பூராவுமா?"

"பூராவும். டீ ஊறிட்டு இருந்துச்சு. பக்கத்துலயே நின்னேன்."

"கொஞ்சங்கூட வெளிய போகல?"

"போகலீங்க."

"மேசைக்கிட்ட வந்தியா?"

"இல்லவே இல்லைங்க!" அவள் குரல் உடைந்தது. "நான் எடுக்கலை. சத்தியமா எடுக்கலை."

நோஸர் அவள் பாவாடை ஓரத்தைப் பார்த்தார். ஒரு சாண் உயரத்துக்கு நனைந்திருந்தது. ஒரு புல் ஒட்டிக்கொண்டிருந்தது.

"அவ பொய் சொல்லலை" என்றார் ஹூஷங் திடீரென்று. முகம் வெளுத்திருந்தது. "நான் நடுவுல எட்டிப் பார்த்தேன். சமோவார்கிட்டதான் நின்னா. கல்லு மாதிரி நின்னா. என் கண்ணால பார்த்தேன்."

மாஹ்ரூ அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். நன்றியும் திகைப்பும் கலந்த பார்வை. அந்தப் பார்வை நோஸருக்குப் போதுமானதாக இருந்தது.

"சரி" என்று அவர் காலை நீட்டிக்கொண்டார். "பெரிய விசாரணையெல்லாம் வேணாம். எனக்கு இன்னொரு டீ வேணும் சம்பந்தி. உங்க தோட்டத்து இலை போட்டு, உங்க கையால."

"இப்பவா?"

"இப்பத்தான்."

"அதான்... போட்ட டீ இருக்கே. அதையே சுட வெச்சுத் தரச் சொல்றேன்."

கேட்டீர்களா அநியாயத்தை! லாஹிஜானில், தேயிலைக்காரர் வீட்டில், பெண் பார்க்க வந்த சம்பந்திக்குச் சுடவைத்த டீ. எங்கள் ஊரில் கடன்காரனுக்குக்கூட அப்படிக் கொடுக்க மாட்டார்கள்.

நோஸர் முழுசாகக் கண்ணைத் திறந்தார்.

"அம்மாடி மாஹ்ரூ. இந்த டீயை நீ எங்கேயிருந்து கொண்டுவந்த?"

மாஹ்ரூ பாவாடை ஓரத்தைக் காலுக்கடியில் இழுத்துக்கொண்டாள்.

"நான் சொல்லட்டுமா? இது டீ பேக். நிறம் இருக்கு, மணம் இல்ல. கிளாஸ் அடியில பாரு, உங்கப்பா இலையா இருந்தா நீளமா ஒண்ணாவது வடிகட்டியைத் தாண்டி வந்திருக்கும். இதுல மாவு மாதிரி வண்டல்தான் நிக்குது. இலை ஊற நேரம் ஆகும், பேக்குக்கு நேரம் வேணாம். நீ எதையும் ஊற வெச்சுட்டு நிக்கல. சரியா?"

அவள் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். "டீ கொதிச்சிடுச்சு" என்றாள் விரலுக்கு நடுவிலிருந்து. "வராந்தாவுல இவர் பேசறது கேக்குதான்னு காதைக் கொடுத்துட்டு நின்னேன். சமோவார் பொங்கி, கெட்டில்ல இருந்தது தார் மாதிரி ஆயிடுச்சு. புதுசா ஊற வைக்க நேரமில்ல. பின்வாசல் வழியா, பக்கத்துல இருக்கிற தூபா டீச்சர் வீட்டுக்கு ஓடினேன். அவங்க பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோற டீ பேக்கு இருக்கும். வாங்கிட்டு ஓடி வந்தேன்."

"திருடின்னு பேர் வாங்கினாலும் பரவாயில்ல, இதைச் சொல்ல மாட்டியா?" என்றார் நோஸர்.

"எப்படிங்க சொல்றது? ஹூஷங் பொண்ணு, தன்னைப் பெண் பார்க்க வந்த அன்னைக்கு டீ பேக்கு போட்டுக் கொடுத்தான்னு ஊர் பேசாதா? அப்பா எப்படித் தெருவுல நடப்பாரு?"

ஃபராங்கிஸுக்குச் சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. "அடிப் பைத்தியமே! எங்க வீட்டுல மூணு வேளையும் அந்தக் கண்றாவிதாண்டி! எனக்கு இலை போட்டு ஊற வைக்கப் பொறுமை ஏது? அதான் உன் டீ எங்க வீட்டு டீ மாதிரியே இருந்துச்சா!"

"எனக்கு முதல் வாய்லயே தெரிஞ்சுது" என்றான் கியாரஷ், காது சிவந்துபோய். "என் வேலையே அதானே. அவ முகத்தைப் பார்த்தேன். சொல்ல மனசு வரல."

"ஆக, மாஹ்ரூ வீட்டுலயே இல்ல" என்றார் நோஸர். "பின்கேட்டு ரெண்டு தடவை கீச்சுன்னுச்சு. தூக்கத்துல பறவைன்னு நினைச்சுட்டேன். போறப்ப ஒண்ணு, வர்றப்ப ஒண்ணு. ரெண்டுக்கும் நடுவுல என் தலைக்கு மேல, சமையல்கட்டுல, யாரோ ஒரு டப்பா மூடியைத் திறந்தாங்க. ஆளே இல்லாத சமையல்கட்டுல. அதே நேரம் ஒருத்தர் பேச்சு வராந்தாவுல நின்னுபோச்சு. பனியைப் பார்த்து வாயடைச்சுட்டாருன்னு நினைச்சேன்."

ஹூஷங் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"இந்த டீயை நாலு பேர் குடிச்சோம். நாலு பேரும் பேசலை. தங்கச்சிக்கு வித்தியாசம் தெரியாது. பையனுக்குத் தெரியும், ஆனா ஆசைப்பட்டவ மனசு நோகக் கூடாதுன்னு இருந்தான். நான் விருந்தாளி, குறை சொல்லக் கூடாது. சம்பந்தி, மூக்காலயே சரிவு சொல்ற ஆளு, நீங்க ஏன் பேசலை?"

"எனக்காக!" என்று மாஹ்ரூ எழுந்துவிட்டாள். "அப்பா எனக்காகத்தான் குடிச்சாரு! மானத்தைக் காப்பாத்த! இது ஒரு தப்பா?"

"நானும் அப்படித்தாம்மா நினைச்சேன். ஆனா நீ இல்லாத இடத்துல உன்னைப் பார்த்தேன்னு சொன்னாரு. அப்ப அவர் உள்ள வந்திருக்காரு. வந்தவரு உன்னைப் பார்க்கல. சரி, மகளைக் காப்பாத்தச் சொன்ன பொய்யாவே இருக்கட்டும்னு, இலை டீ கேட்டேன். சுட வெச்சுத் தர்றேன்னாரு. தன் இலை டப்பாவைத் திறக்க ஹூஷங்குக்கு மனசு வரலைன்னா, டப்பாவுல இலை மட்டும் இல்லன்னு அர்த்தம். இந்த டீயை அவரு குறை சொன்னா, நீ போய் அந்த டப்பாவைத்தானே திறந்திருப்ப?"

ஜன்னலுக்கு வெளியே பனி ஒட்டிக்கொண்டு நின்றது.

ஹூஷங் எழுந்து சமையல்கட்டுக்குப் போனார். டப்பாவோடு வந்தார். மூடியைத் திறந்ததும் கூடம் முழுக்க முதல் கொழுந்தின் வாசம் பரவியது. அவர் கையை உள்ளே விட்டார். விதை தேடுகிறவர் மாதிரி துழாவி, மோதிரத்தை எடுத்து மேசை மேல் வைத்தார். கல்லில் ஒரு கறுத்த இலைச்சுருள் ஒட்டியிருந்தது.

"மோதிரம் காணோம்னா இன்னைக்கு நாள் சரியில்லன்னு தள்ளிப் போடுவீங்கன்னு நினைச்சேன்" என்றார். யார் முகத்தையும் பார்க்கவில்லை. "ரெண்டு நாள்ல நானே கண்டெடுத்த மாதிரி கொண்டுவந்து கொடுத்திருப்பேன். அதுக்குள்ள ஏதாச்சும் வழி பிறக்கும்னு ஒரு நப்பாசை. அவ்வளவு தூரம் அனுப்ப மாட்டேன்னு என்னால சொல்ல முடியலை. கூட்டிட்டுப் போங்கன்னு வாய் சொல்லிடுச்சே. என் பொண்ணு மேலயே பழி வரும்னு கனவுலயும் நினைக்கலை. வந்தப்ப உண்மையைச் சொல்ல நாக்கு எழல."

ஃபராங்கிஸ் எழுந்து நின்றாள். சால்வையைச் சரிசெய்தாள். கிளம்பிவிட்டாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். கியாரஷ் அவள் கையைப் பிடிக்கப் போனான். அவள் அவனை விலக்கிவிட்டு நேரே மாஹ்ரூவிடம் போய் அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"திருடின்னு வாயால சொல்லலை. ஆனா சொன்ன மாதிரிதான். என்னை மன்னிச்சிடும்மா" என்றாள். பிறகு ஹூஷங்கிடம் திரும்பினாள். "உங்களை மன்னிக்கறதா இல்லையான்னு நான் சொல்ல முடியாது. பழி சுமந்தது அவ."

மாஹ்ரூ விலகி வந்து அப்பா முன்னால் நின்றாள். அழுகை நின்றிருந்தது. கோபம் வந்திருந்தது.

"குடிச்சீங்களே அப்பா, அப்ப எனக்கு அழுகையே வந்துடுச்சு. எனக்காகத்தானேன்னு இருந்துச்சு. இப்ப அதுவும் இல்லன்னு ஆயிடுச்சு."

"உனக்காகவும்தான்" என்றார் ஹூஷங். "வாயில வெச்சதும் தெரிஞ்சுது. புள்ளைக்கு என்னாச்சோன்னுதான் முதல்ல தோணுச்சு. அப்புறந்தான் டப்பா ஞாபகம் வந்துச்சு. நம்பினா நம்பு, நம்பாட்டி போ."

"போகட்டுமான்னு என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா? நீங்களும் கேக்கலை, இவங்களும் கேக்கலை. மாற்றலாகிப் போறதை இவரே என்கிட்ட முன்னமே சொல்லிட்டாரு. தெரிஞ்சுதான் சரின்னேன்."

ஹூஷங் தலையை ஆட்டினார். அது எதற்கு என்று அவருக்கே தெரியாது. மேசையிலிருந்து மோதிரத்தை எடுத்தார். ஒட்டியிருந்த இலையைக் கட்டை விரலால் தள்ளினார். சட்டையில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். ஃபராங்கிஸ் காத்திருந்தாள். கடைசியில் அவர் அதைக் கியாரஷின் உள்ளங்கையில் வைத்து, அவன் விரல்களை மூடிவிட்டார்.

"அங்க வெயில் ரொம்பவாமே?" என்று மகளிடம் கேட்டார்.

"ஆமாப்பா."

"சரி" என்றார் ஹூஷங். "போயிட்டு வா."